பழைய சோற்றில் ஊற்றும் தண்ணீர்

குடல் நலத்துக்கு இப்போது நல்ல மவுசு. சூப்பர் மார்க்கெட்டில் புரோபயாட்டிக் தயிருக்கென்று தனி அடுக்கு. மருந்துக் கடையில் 'நல்ல பாக்டீரியா' கேப்சூல். செல்போனைத் திறந்தால் நார்ச்சத்து, கஞ்சி, கொம்புச்சா என்று ஆளுக்கொரு யோசனை. இந்த அலையில் நம் பழைய சோறும் மறுபடி மேசைக்கு வந்துவிட்டது. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் குடல் அறுவை சிகிச்சைத் துறையினர், குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எந்த அளவுக்கு உதவும் என்று ஆய்விலேயே இறங்கினார்கள். நட்சத்திர ஓட்டல்களில் மண்சட்டியில் ஊற்றி, பக்கத்தில் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்துத் தருகிறார்கள்.

நல்லதுதான். ஆனால், ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. சோறு கொதித்து வெந்தது. அதில் சந்தேகம் இல்லை. இரவு அதில் ஊற்றிய தண்ணீர் கொதித்ததா?

பெரும்பாலான வீடுகளில் இல்லை. குழாயைத் திறந்து பிடித்ததோ, கேனைச் சாய்த்து ஊற்றியதோதான் அது. ராத்திரி முழுக்கச் சோறு புளிக்கும். நல்ல பாக்டீரியா பெருகும். அந்தத் தண்ணீரில் ஒரு ஒட்டுண்ணியின் கூடு கிடந்தால், அதுவும் அப்படியே கிடக்கும். புளிப்புக்கு அது அஞ்சாது. சொல்லப்போனால், வயிற்றின் அமிலம் பட்டால்தான் அது விழித்துக்கொள்ளவே செய்யும்.

முகம் காட்டும் கிருமி

அந்த ஒட்டுண்ணியின் பெயர் ஜியார்டியா. உலகத்தில் மனிதக் குடலை அதிகம் பிடிக்கும் ஒற்றைச் செல் உயிரிகளில் ஒன்று. புழு அல்ல, பாக்டீரியாவும் அல்ல. 1681இல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், துணி வியாபாரி ஆண்டனி வான் லேவன்ஹூக் தன் கையால் தேய்த்துச் செய்த லென்ஸின் கீழே தன்னுடைய மலத்தையே வைத்துப் பார்த்தபோது முதலில் தென்பட்டது இதுதான் என்று அறிவியல் வரலாறு சொல்கிறது. அன்றைக்கு அவருக்கு வயிற்றுப்போக்கு.

இன்றைக்கும் இதைக் கண்டுபிடிக்கும் அடிப்படை வழி அதேதான். ஆய்வகத்தில் கண்ணாடி வில்லையின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு உப்புநீர், இன்னொரு ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின். குச்சியின் முனையில் துளி மலம் எடுத்து இரண்டிலும் கலக்கிப் பார்ப்பார்கள். உயிருள்ள ஜியார்டியா இருந்தால், பேரிக்காய் வடிவ உடல் தெரியும். அதற்குள் இணையாக இரண்டு கருக்கள். நடுவில் கோடுகள். நுண்ணோக்கியைக் குனிந்து பார்ப்பவரை அது நிமிர்ந்து பார்ப்பது போல அப்படியே ஒரு முகம். மருத்துவ மாணவர்கள் பாடப் புத்தகத்தை மறந்தாலும் இந்த முகத்தை மறப்பதில்லை. நான்கு ஜோடி சாட்டை இழைகள். வயிற்றுப் பக்கம் ஒட்டிக்கொள்ள ஒரு வட்டத் தட்டு. அந்தத் தட்டைச் சிறுகுடலின் சுவரில் பதித்துக்கொண்டு, அங்கேயே இரண்டு இரண்டாகப் பிளந்து பெருகும்.

குடலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகாது, ரத்தம் வராது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளை மட்டும் மழுக்கிவிடும். பாலின் சர்க்கரையை உடைக்கும் நொதி குறையும். கொழுப்பு சரியாகச் செரிக்காது. மலம் எண்ணெய்ப் பசையோடு, சகிக்க முடியாத நாற்றத்தோடு, தண்ணீரில் மிதக்கும். வயிறு உப்பும். ஏப்பத்தில் அழுகிய முட்டை வாடை வரும். நாலு நாள் போகும், நாலு நாள் சரியாகும், மறுபடி போகும்.

இதன் பலம் அதன் கூட்டில் இருக்கிறது. குடலின் கீழ்ப்பகுதிக்கு வரும்போது தடித்த ஓடு ஒன்றைப் போர்த்திக்கொண்டு வெளியேறுகிறது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடத் தாக்குப் பிடிக்கும். நோயாளி ஒருவர் ஒரே நாளில் நூறு கோடியிலிருந்து ஆயிரம் கோடிக் கூடுகள் வரை வெளியேற்றலாம். இன்னொருவரைப் பிடிக்கப் பத்துக் கூடுகள் போதும்.

நூறு கோடி ஒரு பக்கம். பத்து மறு பக்கம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு புரோபயாட்டிக் விளம்பரத்தைப் பார்க்கும் கண் மாறித்தான் ஆகவேண்டும்.

முட்டுக்காட்டில் ஒரு ஞாயிறு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை முட்டுக்காடு பாலத்தைத் தாண்டுவது சுலபமல்ல. 1984இல் தொடங்கிய படகுக் குழாமுக்கு ஒரு கூட்டம், தட்சிணசித்ராவுக்கு ஒரு கூட்டம், கோவளம் கடற்கரைக்கு ஒரு கூட்டம், மாமல்லபுரம் போகிறவர்கள் ஒரு கூட்டம். சாலையோரம் தள்ளுவண்டிகள். தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல், பஜ்ஜி, வறுத்த மீன், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, நீர்மோர், எலுமிச்சை ஜூஸ்.

எதைத் தின்றால் வயிறு கெடும் என்று கேட்டால் எல்லோரும் எண்ணெய்ப் பண்டத்தைத்தான் காட்டுவார்கள். ஒட்டுண்ணியின் கணக்கு வேறு. கொதிக்கும் எண்ணெயில் பொரிந்த மீனில் ஒரு கூடுகூடப் பிழைக்காது. பஜ்ஜியும் அப்படியே. அதற்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சட்னியில்தான் சங்கதி. அரைத்த தேங்காயில் ஊற்றியது பச்சைத் தண்ணீர். மாங்காய்க் கீற்றின் மேல் வாடாமல் இருக்கத் தெளிப்பதும் பச்சைத் தண்ணீர். நீர்மோரில் முக்கால் பங்கு அதுவே. ஜூஸில் மிதக்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்ததோ தெரியாது.

வண்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கும். குடித்துவிட்டு வைக்கும் கண்ணாடி டம்ளரை அந்த வாளியில் ஒரு முக்கு, ஒரு சுழற்று. வெளியே எடுத்துக் கவிழ்த்தால் அடுத்தவருக்குத் தயார். மாலை நான்கு மணிக்கு நிரப்பிய வாளி இரவு எட்டு மணிக்கும் அதே வாளிதான். வண்டிக்காரர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் குழாய் இல்லை; ஒவ்வொரு குடமும் அவர் தூக்கிக்கொண்டு வந்தது.

கொதிக்காத பானம் என்ன செய்யும் என்பதற்குக் கடலுக்கு அந்தப்புறமும் சாட்சி உண்டு. யாழ்ப்பாணத்தில் ஈரலில் சீழ்க்கட்டியோடு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து இருந்துவந்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது அநேகமாக எல்லோரும் ஆண்கள், உள்ளூர்க் கள் குடிப்பவர்கள். காரணம் எண்டமீபா என்ற இன்னொரு ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. கிருமி வேறு, வயிற்றுக்குள் வரும் பாதை ஒன்றே. மனித மலத்திலிருந்து மனித வாய்க்கு.

மாத்திரை மாறிப்போகிறது

ஜியார்டியா உடம்புக்குள் போய் வேலையைக் காட்ட ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். இதனால்தான் பழி எப்போதும் தப்பான இடத்தில் விழுகிறது. நேற்று ராத்திரி தின்ற பரோட்டாவைத் திட்டுகிறோம். கிருமி வந்ததோ போன வாரத்துக்கு முந்தின வாரம், யாரோ நீட்டிய டம்ளரில்.

அடுத்த குழப்பம் பூச்சி மாத்திரை. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் தருகிறார்கள். உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழுவுக்கு எதிரான நல்ல திட்டம் அது. 'போன மாசம்தானே பூச்சி மாத்திரை குடுத்தோம்' என்று அம்மாக்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த ஒரு வேளை மாத்திரை ஜியார்டியாவை ஒன்றும் செய்யாது. இதற்கு மெட்ரோனிடசோல், டினிடசோல் போன்ற வேறு மருந்துகள் வேண்டும். அதுவும் மருத்துவர் பார்த்து, எடைக்கும் வயதுக்கும் தக்க அளவில்.

அங்கேயும் ஒரு கோணல். மருந்துக் கடையில் போய் 'ரெண்டு நாளா வயிறு போவுது' என்றால், பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஒட்டுண்ணிக்கு ஒன்றுமாக இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரையை அட்டையிலிருந்து நாலு கிள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள். வாயெல்லாம் உலோகக் கசப்பு வந்ததும் மூன்றாவது மாத்திரையோடு நிறுத்திவிடுகிறோம். கிருமி அரைகுறையாகச் செத்து, மிச்சம் தங்குகிறது.

சரியான வழி மலப் பரிசோதனை. அதை ஒருமுறை செய்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால் நம்பிவிடக் கூடாது. ஜியார்டியா எல்லா நாளும் வெளியே வராது. விட்டு விட்டுத்தான் வரும். அதனால் வேறு வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுக்கவேண்டும். ஒட்டுண்ணியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் சோதனை இன்னும் உறுதியானது. டப்பாவில் மலத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகக் கூச்சப்பட்டே பாதிப் பேர் இந்தச் சோதனையைத் தவிர்க்கிறார்கள். ஸ்கேன் எடுக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயங்காதவர்களும் இதில் அடக்கம்.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நார்வே நாடு எழுதி வைத்திருக்கிறது. 2004 இலையுதிர் காலத்தில் பெர்கன் நகரத்துக் குடிநீரில் ஜியார்டியா கலந்துவிட்டது. பணக்கார நாடு, மலை ஏரித் தண்ணீர். குளோரின் போட்டுத்தான் விநியோகித்தார்கள். ஆய்வகத்தில் உறுதியானவர்கள் மட்டும் 1,200க்கும் மேல். அவர்களை ஆராய்ச்சியாளர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். கிருமி போய்ப் பத்து ஆண்டு கழித்தும் அவர்களில் 43 சதவிகிதம் பேருக்கு எரிச்சல் குடல் நோய் இருந்தது. கிருமி படாதவர்களிடம் இது 14 சதவிகிதம். தீராத அசதியும் அவர்களிடையே கூடுதலாக இருந்தது.

பத்து ஆண்டு. ஒரு டம்ளர் தண்ணீருக்கு.

'எனக்கு எப்பவுமே கேஸ் பிராப்ளம்', 'பால் குடிச்சா ஒத்துக்காது' என்று சொல்லிக்கொண்டு தினமும் ஒரு அமில மாத்திரையோடு காலம் தள்ளுகிறவர்கள் நம் தெருவிலும் உண்டு. அவர்களில் எத்தனை பேருக்கு என்றோ வந்துபோன ஒரு ஒட்டுண்ணி காரணம் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

வேலூர் சொன்ன பாடம்

நம் மாநிலத்தில் இந்த விஷயத்தை ஆழ உழுதவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள். 2019இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி ககன்தீப் காங் பல்லாண்டு வழிநடத்திய குழு அது. ராம்நாயக்கன்பாளையம், சின்னஅல்லாபுரம், கஸ்பா என்ற நெருக்கமான குடியிருப்புகளில், பீடி சுற்றும் குடும்பங்களில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறை தவறாமல் மல மாதிரி சேகரித்தார்கள்.

ஜியார்டியாவும், அதைவிடச் சிறிய கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் அந்தக் குழந்தைகளிடம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தன. பல தடவை எந்த அறிகுறியும் காட்டாமல். வீட்டில் யாருக்கும் தெரியாமல் வந்து, தங்கி, போயின.

அவர்கள் செய்த ஆய்வுகளில் இங்கே அவசியம் சொல்லவேண்டியது ஒன்று. 176 குழந்தைகள், சில குடும்பங்களுக்குச் சுத்திகரித்து அடைத்த குடிநீர், மற்றவர்களுக்கு வழக்கமான நகராட்சித் தண்ணீர். இரண்டு வயது வரை பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்குக் கிரிப்டோஸ்போரிடியம் வந்தது. அடைத்த தண்ணீர் குடித்தவர்களுக்குக் குறைவாக வந்ததா? இல்லை. வித்தியாசமே தெரியவில்லை. 2013இல் வெளியான முடிவு இது.

கேன் தண்ணீர் வாங்கிவிட்டோம், கவலை விட்டது என்று நினைக்கும் ஒவ்வொரு வீடும் படிக்கவேண்டிய முடிவு. கேன் தண்ணீர் கெட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. குடிக்கும் தண்ணீர் ஒன்று நல்லதானால் மட்டும் போதாது என்பதே அதன் செய்தி. பாத்திரம் கழுவுவது வேறு தண்ணீர். குளிப்பது வேறு தண்ணீர். வாசலில் ஓடும் திறந்த சாக்கடை ஓரத்தில்தான் பிள்ளை தவழ்கிறது. அம்மா குழந்தைக்குக் கால் கழுவிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மூத்தவனுக்குச் சோறு பிசைகிறாள். 'பச்சப் புள்ளை ஆய்தானே' என்று நினைக்கிறோம். அந்த மலத்தில் வெளியேறும் கூடு அந்த நிமிடமே அடுத்தவரைப் பிடிக்கத் தயாராக இருக்கிறது.

அதே குழு முன்பே இன்னொன்றும் கண்டிருந்தது. தெருக்குழாயில் பிடித்தபோது இருந்ததைவிட, வீட்டில் சேர்த்து வைத்த பிறகு தண்ணீர் அதிகம் மாசுபட்டது. பித்தளைக் குடத்தில் வைத்த வீடுகளில் அந்த மாசு குறைவு. நம் பாட்டிமார் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்ததில் காரியம் இருந்தது. ஆனால், அங்கே அளந்தது பாக்டீரியாவை. தடித்த ஓட்டுக்குள் உறங்கும் ஒட்டுண்ணிக்குப் பித்தளையை நம்பி இருந்துவிட முடியாது.

ஜியார்டியாவுக்கு இத்தனை பரபரப்பு வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். கொல்கத்தா உட்பட ஏழு இடங்களில் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு ஜியார்டியா காரணமாகத் தெரியவில்லை என்பதை எடுத்துக்காட்டுவார்கள். வாதம் சரி, ஆனால் வயிற்றுப்போக்கு ஒன்றை மட்டும் வைத்துச் சேதத்தை அளக்கக் கூடாது. வேலூரையும் சேர்த்து எட்டு நாடுகளில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்த இன்னொரு ஆய்வில், ஆறு மாதத்துக்குள் ஜியார்டியா வந்த பிள்ளைகள் இரண்டு வயதில் மற்றவர்களைவிட உயரம் குறைந்து இருந்தார்கள். வயிறு போகாமலே வளர்ச்சி போகிறது.

மணலுக்குள் போவது எது?

மறுபடி முட்டுக்காடு. ஒட்டுண்ணியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வாயைப் பார்க்கிறார்கள். என்ன தின்றாய், எங்கே குடித்தாய் என்று. மறு முனையை யாரும் பார்ப்பதில்லை. கூடு எங்கிருந்து புறப்படுகிறது?

திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை கடலோரம் நீளும் மணல் திட்டு ஒரு காலத்தில் ஊருக்கே நல்ல தண்ணீர் கொடுத்த நிலத்தடிச் சுரங்கம். கையால் தோண்டினாலே ஊறும். இன்றைக்கு அந்த மணல் மேல் வீடு, விடுதி, திருமண மண்டபம், பண்ணை வீடு. சென்னை மாநகராட்சி எல்லை தாண்டிவிட்டால் இவை பெரும்பாலும் கிராம ஊராட்சிகள். பாதாளச் சாக்கடை கிடையாது. ஒவ்வொரு கட்டடமும் தன் கழிவைத் தன் காலடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

செப்டிக் டேங்க் என்று சொல்கிறோமே தவிர, பல இடங்களில் அது சிமென்ட் உறை இறக்கிய குழிதான். அடிப்பக்கம் திறந்தே இருக்கும். அதே மனையில் பத்துப் பதினைந்து அடி தள்ளி, அதே சிமென்ட் உறை இறக்கிய கிணறு. ஒன்றில் கழிவு இறங்குகிறது. மற்றதில் தண்ணீர் ஏறுகிறது. மணல் ஒரு நல்ல வடிகட்டி என்பது உண்மை. ஒட்டுண்ணியின் கூடு பாக்டீரியாவைவிடப் பெரிது என்பதால் அதைக் கூடுதலாகவே பிடித்து வைக்கும். ஆனால், வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறிக் குழியைத் தொடும்போது வடிகட்ட மணலே மிஞ்சாது. கழிவும் கிணறும் கலந்துவிடும்.

அதைவிடப் பெரிய கவலை, நிரம்பிய குழியை உறிஞ்சிக்கொண்டு போகும் லாரி. போன் செய்தால் அரை மணியில் வந்துவிடும். குழாயை இறக்கி உறிஞ்சி, பணம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும். அதற்குப் பிறகு எங்கே? சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் நல்லது. தூரம், டீசல், காத்திருக்கும் நேரம் என்று கணக்குப் பார்க்கும் ஓட்டுநருக்கு இருட்டில் ஒரு மழைநீர் ஓடை பக்கத்திலேயே இருக்கிறது.

முட்டுக்காடு கழிமுகத்துக்கு வரும் தண்ணீரின் பாதையைப் பார்த்தால் இந்தக் கவலை ஏன் என்று புரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நிரம்பினால் ஒக்கியம் மடுவு, அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், அங்கிருந்து தெற்கே இறங்கி முட்டுக்காட்டில் கடல். தென் சென்னையின் வெள்ளம் வடியும் வாசல் இது. வெள்ளம் வடிகிற வழியில்தான் அதனோடு வருகிற எல்லாமும் வடியும். கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால், அந்தத் தண்ணீர் போக இடமில்லாமல் தேங்கி நிற்கும்.

அந்தத் தண்ணீரில் இறங்கி நிற்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கடற்கரை நெடுகக் கழிமுகங்களில் இருளர் மக்கள் வலையில்லாமல் கையால் இறால் பிடிப்பவர்கள். மார்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றுக்குள் இரண்டு கைகளையும் விட்டுத் தடவுவார்கள். விரலில் இறால் பட்டதும் எடுத்துப் பறியில் போடவேண்டும். கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் ஓலைப் பறியை வாயில் கடித்துப் பிடித்திருப்பார்கள். தண்ணீர் உதட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மேட்டில் ஒரு விடுதியின் கழிவைக் கால்வாயில் திறந்துவிட்டவர் யாரோ. அதை வாயில் வாங்குகிறவர் இவர். புரோபயாட்டிக் தயிர் இவரை எப்படிக் காப்பாற்றும்?

இறாலும் மட்டியும் தின்கிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. நம் ஊரில் அவற்றைப் பச்சையாக யாரும் தின்பதில்லை. கொதிக்கும் குழம்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

வார இறுதிக்கு விடுதிக்கு வருகிறவர்களுக்கு நீச்சல் குளம் ஒரு பெரிய ஈர்ப்பு. குளோரின் வாடை அடித்தால் சுத்தம் என்று நம்பி இறங்குகிறார்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் இருந்தால் ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் சாகும். ஜியார்டியா சாக முக்கால் மணி நேரம். கிரிப்டோஸ்போரிடியம் சாகப் பத்து நாளுக்கு மேல். அமெரிக்காவில் 1993இல் மில்வாக்கி நகரக் குடிநீரில் அது புகுந்தபோது சுமார் 4,03,000 பேர் நோயுற்றார்கள். வயிறு சரியில்லாத குழந்தையை 'பரவாயில்லை, தண்ணியிலதானே' என்று குளத்தில் இறக்கும் பெற்றோர், குளத்தில் இருக்கும் மற்ற குழந்தைகளையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. மலக்கசடைக் கையாளத் தமிழ்நாடு அரசு 2014இலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. மலக்கசடுக்கென்றே தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் மாநிலத்தில் முதலாவதாக வந்தது வேறெங்கும் அல்ல, இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழியில். லாரி வந்து கசடை இறக்கும். தண்ணீர் பிரிந்து சுத்தமாகும். கசடு காய்ந்து உரமாகும். மதுராந்தகம் பக்கத்துச் சிறிய பேரூராட்சிக்கு முடிந்தது, பணம் புரளும் கடற்கரைச் சாலைக்கு முடியாதா?

வீட்டில் செய்யவேண்டியது நான்கே. குடிக்கும் தண்ணீர், சட்னிக்கும் மோருக்கும் பழைய சோற்றுக்கும் ஊற்றும் தண்ணீர் எல்லாமே தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். குழந்தைக்குக் கால் கழுவிய பிறகும், சோற்றில் கை வைக்கும் முன்னும் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவுங்கள். சானிடைசர் இந்தக் கூடுகளிடம் எடுபடாது. வயிற்றுக் கோளாறு இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் மூன்று நாள் மல மாதிரி கொடுங்கள். மருத்துவர் எழுதிய மாத்திரையை முழுக்கச் சாப்பிடுங்கள்.

வீட்டுக்கு வெளியே செய்யவேண்டியது ஒன்று. அடுத்த தடவை செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடும்போது எவ்வளவு கேட்பார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள், உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராமசபை கூடுகிறது. முட்டுக்காட்டிலும் கோவளத்திலும் நெம்மேலியிலும் வீடு, விடுதி, பண்ணை வைத்திருப்பவர்கள் அன்றைக்கு எழுந்து நின்று, இந்தக் கடற்கரைக்கும் ஒரு மலக்கசடுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள்.

அதற்கு ஒரு பைசா செலவில்லை.